பண்ணை வீட்டு எட்சிங் ஒன்றை உற்றுப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசைக்கு எதிரே ஒரு எட்சிங் மாட்டியிருக்கிறேன். அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிய படம். ஹாலந்து நாட்டுக் குடியானவர் வீடு. தாழ்ந்து இறங்கும் வேய்ந்த கூரை, பக்கத்தில் உலர்புல் போர், முன்னால் சாய்ந்துபோன வேலி, பின்னால் ஒற்றை மரம், அடிவானத்தில் மெல்லிசாக ஒரு மரவரிசை. 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது, செய்தவர் பெயர் அதில் இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் இதன் முன்னால் நின்று கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். இந்த வகைப் படங்களுக்கு வழிகாட்டி 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் என்பதால் அவருடைய படங்களும் இடையிடையே வரும்.

எட்சிங்னா என்ன? பேனாவால வரைஞ்சதுதானே இது?

பேனா தொடவே இல்லை. செப்புத் தகட்டின் மேல் மெழுகு, குங்கிலியம், நிலக்கீல் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவுவார்கள். அது காய்ந்ததும் ஊசியால் அதன் மேல் வரைவார்கள். ஊசி போன இடத்தில் பூச்சு விலகிச் செம்பு வெளியே தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவார்கள். வெளியே தெரிகிற செம்பை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சைக் கழுவிவிட்டு, தகடு முழுக்க மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். அதன் மேல் ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஓட்டினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும்.

அதனால் இந்தக் கோடுகள் தாளின் மேல் லேசாகப் புடைத்து நிற்கின்றன. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் வேலியின் அடர்ந்த கோடுகள் தழும்புபோல எழும்பியிருப்பது தெரியும். பேனாக் கோட்டில் இது வராது.

ஊசியாலயே நேரா செம்பைக் கீறிடலாமே, அமிலம் எதுக்கு?

கீறலாம். அந்த முறைகளும் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் செம்பு கடினம். அதைக் கிழிக்கக் கையில் பலம் வேண்டும், பலம் கொடுத்தால் கோடு விறைத்துப்போகும். மெழுகுப் பூச்சின் மேல் ஊசி வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போகும். மனசு போகிற போக்கில் கை போகலாம், வளையலாம், கிறுக்கலாம். பள்ளம் தோண்டுகிற வேலையை அமிலம் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்தது: பள்ளத்தின் ஆழத்தை நேரம்தான் தீர்மானிக்கிறது. சில நிமிடம் அமிலத்தில் இருந்த கோடு சாம்பல் நிறமாக அச்சாகும். நெடுநேரம் கிடந்தது கன்னங்கரேலென்று வரும். ஆக, எட்சிங்கில் கருமை என்பது நேரம். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், கீழே வரப்போகிற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எங்கேருந்து பார்க்க ஆரம்பிக்கணும்? எனக்கு வீடு, மரம், வேலி, அவ்வளவுதான் தெரியுது.

அது போதும். வீட்டை விட்டுவிட்டு, படத்தில் எது ரொம்பக் கறுப்பாக இருக்கிறது என்று தேடுங்கள். என் படத்தில் அது கூரையின் அடிவிளிம்பும் கதவின் உட்புறமும். அடுத்து எது ரொம்ப வெளுப்பு என்று தேடுங்கள். வீட்டின் இடப்பக்கச் சுவர், அதில் கிட்டத்தட்ட ஒன்றுமே வரையவில்லை. இந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். வெயில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தன் இடத்தில் போய் உட்காரும்.

அப்புறம் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் மேல் கண்ணை மெதுவாக நடத்துங்கள். நான் வேலியைச் சொல்வேன். ஒவ்வொரு கம்பும் இரண்டு மூன்று கோடுதான். மூன்றாவது கம்பு முறிந்து அடுத்ததன் மேல் சாய்ந்திருக்கிறது. அதைக் கட்டியிருக்கும் கயிறு நான்கு சின்னச் சுழிகள். இவ்வளவு சின்ன இடத்தில் அந்தக் கயிறு தொய்ந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரிகிறது. பத்து சென்டிமீட்டர் தூரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லிச் செய்யப்பட்ட படங்கள் இவை. கையில் ஏந்திப் பார்ப்பதற்கானவை, சுவரில் தூரத்திலிருந்து பார்ப்பதற்கானவை அல்ல.

கூரை வேய்ஞ்சதுன்னு பார்த்ததும் தெரியுதே, எப்படி? எல்லாமே வெறும் கோடுதானே?

இதைக் கேட்டவர் ஒரு பள்ளி மாணவி. நல்ல கேள்வி.

ஓட்டுக் கூரையாக இருந்தால் கோடுகள் வரிசைகட்டி நிற்கும், குறுக்கும் நெடுக்கும் சம இடைவெளியில். வேய்ந்த கூரையில் கோடுகள் எல்லாம் மேலிருந்து கீழே ஒழுகுகின்றன, மழைநீர் வடியும் திசையில். ஆனால் எதுவும் கூரை உச்சியிலிருந்து விளிம்புவரை முழுதாக ஓடுவதில்லை. சின்னச் சின்னதாக, ஒன்று முடிகிற இடத்துக்குச் சற்று மேலேயே அடுத்தது தொடங்குகிறது. வேய்கிறவர்கள் கட்டுக்கட்டாக அடுக்குவதும் அப்படித்தானே? கை அந்த வேலையையே ஊசியால் செய்திருக்கிறது.

விளிம்பைப் பாருங்கள். அங்கே கோடுகள் ஒரே மட்டத்தில் முடியாமல் பிய்ந்து தொங்குகின்றன. கூரையின் நடுவில் ஒரு திட்டில் கோடுகளின் திசை மாறி, குறுக்கே போகின்றன. அது பின்னால் ஒட்டுப்போட்ட இடம். பாசி பிடித்த பகுதியில் கோடே இல்லை, புள்ளிகளும் சின்ன வளைவுகளும்தான். நிறம் இல்லாமல், கோட்டின் திசையையும் நீளத்தையும் மட்டும் வைத்து வைக்கோல், பாசி, மரப்பலகை, செங்கல் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டுவதில்தான் ஒரு எட்சிங் கலைஞரின் திறமை இருக்கிறது. படம் நல்லதா சுமாரா என்று நான் முடிவு செய்வதும் கூரையைப் பார்த்துத்தான். மரத்தில் ஏமாற்றலாம், கூரையில் முடியாது.

தூரத்து மரங்கள் மட்டும் ஏன் மங்கலா இருக்கு? மை தீர்ந்துபோச்சா?

எல்லாக் கோடும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் வந்தவை. மேலே சொன்ன நேரக் கணக்குதான் காரணம். தகட்டை அமிலத்தில் கொஞ்ச நேரம் வைத்து வெளியே எடுப்பார்கள். தூரத்து மரங்களுக்கு இவ்வளவு போதும் என்று அந்தக் கோடுகளின் மேல் வார்னிஷ் பூசி மூடிவிடுவார்கள். மறுபடி அமிலம். அடுத்து வீட்டுச் சுவரை மூடுவார்கள். மறுபடி அமிலம். கடைசிவரை மூடாமல் விட்டது முன்னால் இருக்கும் வேலியும் கதவின் இருட்டும். பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் காலோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த முறையை நன்றாகக் கையாண்டார்.

வானத்தை ஏன் வரையாமலே விட்டுட்டாங்க?

விட்டதுதான் வானம். தாளின் வெள்ளைதான் இதில் வெளிச்சம். அதைக் கோட்டால் நிரப்பினால் வெயில் போய்விடும். ரெம்பிராண்ட் 1640 வாக்கிலிருந்து 1650களின் தொடக்கம்வரை செய்த நிலக்காட்சி எட்சிங்குகளில் பெரும்பாலானவற்றில் வானம் வெறும் தாள்தான். 1643இல் செய்த ‘மூன்று மரங்கள்’ இதற்குப் பெரிய விலக்கு. அதில் மேகங்கள் திரண்டு நிற்க, இடப்பக்க மூலையில் மழை சாய்கோடுகளாக இறங்கும்.

புல் போருக்கு மேல கூரை மட்டும் கம்பத்துல நிக்குது. சுவரே இல்லையே, படம் முடியலையா?

படம் முடிந்துவிட்டது. அந்தப் போரே அப்படித்தான் இருக்கும். டச்சு மொழியில் அதற்கு ‘ஹோய்பெர்க்’ என்று பெயர், ‘உலர்புல் மலை’ என்று பொருள். நான்கைந்து உயரமான கம்பங்கள், அவற்றின் நடுவே மாட்டுக்கான காய்ந்த புல், மேலே ஒரு கூரை. அந்தக் கூரை அசையக்கூடியது. கம்பங்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும், அவற்றில் முளை செருகிக் கூரையை நிறுத்துவார்கள். புல் அறுவடையானதும் கூரையை ஏற்றுவார்கள், மாடுகள் தின்னத் தின்ன இறக்குவார்கள்.

இது தெரிந்த பிறகு படம் வேறு மாதிரி பேசும். என் படத்தில் கூரை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது, கம்பங்கள் வெறுமையாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. புல் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. பின்னால் இருக்கும் ஒற்றை மரத்திலும் இலை இல்லை. ஆக இது குளிர்காலத்தின் பின்பகுதி. மாதத்தை எழுதி வைக்காமலேயே படம் சொல்லிவிடுகிறது.

இடம் வலம் மாறித்தானே அச்சாகும்? அப்போ நாம பார்க்கிறது கண்ணாடியில தெரியற வீடா?

ஆமாம். தகட்டில் இடப்பக்கம் வரைந்தது தாளில் வலப்பக்கம் வரும். சிலர் முதலிலேயே திருப்பி வரைந்துகொள்வார்கள். ரெம்பிராண்ட் நிலக்காட்சிகளில் பல நேரம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1640 வாக்கில் அவர் செய்த ஆம்ஸ்டர்டாம் நகரக் காட்சியில் கோபுரங்கள் எல்லாம் இடவலம் மாறி நிற்கின்றன. ஹார்லெம் நகருக்கு அருகே உள்ள வயல்வெளியைக் காட்டும் 1651ஆம் ஆண்டுப் படமும் அப்படியே.

தெரியாத ஒரு வீடு என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். படத்தில் எழுத்து இருந்தால் பாருங்கள், ஒரு எழுத்து மட்டும் திரும்பியிருக்கலாம். வேலை செய்யும் ஆட்கள் எல்லோரும் இடக்கைக்காரர்களாக இருந்தால் படம் திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

ரெம்பிராண்ட் நிஜமாவே வீட்டு முன்னாடி உட்கார்ந்துதான் வரைஞ்சாரா?

ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி ஆற்றங்கரைகளிலும் மண்கரைகளிலும் நடந்து அவர் நிறைய வரைந்திருக்கிறார். 1645 வாக்கில் செய்த ஒரு எட்சிங்கில் பண்ணை வீடுகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் படம் வரைந்துகொண்டிருப்பார். பூச்சு பூசிய சின்னத் தகடு கையடக்கமானது, வெளியே எடுத்துப் போவதில் சிரமம் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் கண்ணால் கண்டபடியே வைத்தார் என்று நினைக்க வேண்டாம். 1641இல் அவர் செய்த ‘குடிசையும் புல் போரும்’ என்ற அகலமான படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுமார் 13 சென்டிமீட்டர், அகலம் 32. நடுவில் வீடும், மேலே சொன்ன அதே வகைப் போரும். ஒருபக்க அடிவானத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரம், மறுபக்கம் ஆம்ஸ்டெல் ஆற்றங்கரையில் இருந்த கொஸ்ட்வெர்லோரன் மாளிகை. ஒரே இடத்தில் நின்று இரண்டையும் அப்படிப் பார்க்க முடியாது. வீட்டைச் சுற்றி நாட்டை அவரே அடுக்கி வைத்திருக்கிறார். எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டின் ஒவ்வொரு பலகையும் உண்மையாக இருப்பதால்தான் அந்த அடிவானத்தையும் நம்புகிறோம்.

சில கோடு மட்டும் வெல்வெட் மாதிரி கசிஞ்சு இருக்கே, அது என்ன?

அது டிரைபாயிண்ட். இரண்டாவது கேள்வியில், பின்னால் சொல்கிறேன் என்றேனே, அதில் ஒன்று. அமிலம் இல்லாமல் கூர்மையான ஊசியால் செம்பை நேராகக் கீறும்போது, உழவு சாலின் ஓரத்தில் மண் ஒதுங்குவதுபோலப் பள்ளத்தின் ஓரமாகச் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும். மை அந்தப் பிசிறிலும் தங்குவதால் கோட்டின் ஓரம் மிருதுவாகக் கசிந்து அச்சாகும். மர நிழலுக்கும் புதருக்கும் பொருத்தமானது. அச்சு அழுத்தத்தில் பிசிறு சீக்கிரம் நசுங்கிவிடும், சில பத்துப் படிகளுக்குள் அந்த வெல்வெட் போய் வெறும் மெல்லிய கீறல்தான் மிஞ்சும். ஆகவே பிசிறு கொழுமையாகத் தெரிந்தால், அது தகடு புதிதாக இருந்தபோது எடுத்த படி.

இதே படத்தை வேற இடத்துல பார்த்தேன், அங்கே சாயங்காலம் மாதிரி இருட்டா இருந்துச்சு. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். மையைத் துடைக்கும்போது சுத்தமாகத் துடைத்தால் வெள்ளை பளிச்சென்று வரும். வேண்டுமென்றே மெல்லிய படலமாக மையை விட்டுவைத்தால் படம் முழுக்க மங்கிய பொழுது கவியும். ஒவ்வொரு படிக்கும் தகட்டைப் புதிதாகத் துடைக்க வேண்டியிருப்பதால் எந்த இரண்டு படியும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது.

தாளும் ஒரு காரணம். ரெம்பிராண்ட் 1640களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியத் தாளும் பயன்படுத்தினார். அது இளமஞ்சள், மையை மென்மையாக வாங்கும். மூன்றாவதாக, கலைஞரே தகட்டை மாற்றியிருக்கலாம். சில படிகள் எடுத்துவிட்டு ஒரு புதரைச் சேர்ப்பார், ஒரு நிழலை ஆழப்படுத்துவார். ஒவ்வொரு மாற்றத்தையும் ‘முதல் நிலை’, ‘இரண்டாம் நிலை’ என்று குறிப்பார்கள். இருட்டு நிழலில் மட்டும் கூடியிருந்தால் நிலை மாறியிருக்கலாம், வானத்திலும் கூடியிருந்தால் மைப்படலம்.

படத்தைச் சுத்தி அழுத்தின மாதிரி ஒரு கட்டம் தெரியுதே?

தகட்டின் ஓரம் ஈரத்தாளில் பதிந்த தடம். அதை விரலால் தடவாதீர்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தாலே போதும். பழைய படங்களில் அந்தத் தடம்வரைக்கும் ஓரத்தை வெட்டியிருப்பது சகஜம், அதனால் தடம் இல்லை என்பதற்காகப் படத்தைத் தள்ளிவிடக் கூடாது.

வலது ஓரத்துல சின்னச் சின்னப் புள்ளி இருக்கு. பூஞ்சையா, படத்துல உள்ளதா?

லென்ஸில் பாருங்கள். கறுப்பாக, மற்றக் கோடுகளின் மை நிறத்திலேயே இருந்தால் அது தகட்டில் உள்ளது. பூச்சு சரியாக ஒட்டாத இடத்தில் அமிலம் கசிந்து குழி போட்டிருக்கும். எல்லாப் படிகளிலும் அதே இடத்தில் இருக்கும், பல கலைஞர்கள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். பழுப்பாக, ஓரம் கலங்கி, தாளுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் அது ஈரத்தால் வந்த கறை. அதை நீங்களே நீக்க முயல வேண்டாம், தாள் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

என்கிட்டயும் இப்படி ஒரு படம் இருக்கு. அசலான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். ஒரு கோட்டின் மேல் வையுங்கள். கோடு ஒழுங்கான புள்ளி வரிசைகளாக உடைந்தால் அது புத்தகத்தில் வருகிற மாதிரியான அச்சு, அதோடு விஷயம் முடிந்தது. கோடு முழுமையாக, மை புடைத்து, முனை மழுங்கலாக இருந்தால் எட்சிங்காக இருக்கலாம். முனை ஊசிபோலக் கூர்ந்து நடுவில் பருத்திருந்தால் அது உளியால் வெட்டிய எங்கிரேவிங்.

சிக்கல் எங்கே என்றால், 19ஆம் நூற்றாண்டில் பழைய எட்சிங்குகளைப் புகைப்பட முறையில் செப்புத் தகட்டுக்கு மாற்றி அச்சிட்டார்கள். அவற்றிலும் தகட்டுத் தடம் இருக்கும், மையும் புடைக்கும். பிரான்ஸில் அமாந்த்-துராந்த் என்பவர் செய்தவை நல்ல கண்ணையும் ஏமாற்றும். அங்கே பார்க்க வேண்டியது ஆழ வித்தியாசம். அசலில் வேலிக் கோடு தூரத்து மரக் கோட்டைவிட நன்றாகவே புடைத்திருக்கும், நேரக் கணக்கால். நகலில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தட்டையாக இருக்கும்.

பிறகு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பழைய ஐரோப்பியத் தாளில் நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தடித்த வரிகளும் தெரியும். சில நேரம் நீர்க்குறியும், அதாவது தாள் செய்தவர் தாளுக்குள்ளேயே பதித்த அடையாளமும், இருக்கும். அந்த வரிகள் இல்லாத ஐரோப்பியத் தாள் 1750களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1641 என்று தேதியிட்ட படம் அப்படிப்பட்ட தாளில் இருந்தால், படி அந்தக் காலத்தது அல்ல.

அசல் தகட்டுலேருந்து வந்ததுதான், ஆனா ரெம்பிராண்ட் எடுத்தது இல்லைன்னு சொல்றாங்களே, அது எப்படி?

அவர் 1669இல் இறந்தார், தகடுகள் இறக்கவில்லை. அவர் செய்த சுமார் 300 எட்சிங்குகளில் கிட்டத்தட்ட 80 தகடுகள் இன்றும் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் பாஸான் என்ற பட வணிகர் பல தகடுகளை வாங்கித் திரும்ப அச்சிட்டார். தேய்ந்த கோடுகளை வேறு கைகள் ஆழப்படுத்தியிருக்கும். பிசிறு எப்போதோ போயிருக்கும். தகடு அசல், படி பிற்காலத்தது. சந்தையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

படத்தின் கீழே பென்சிலில் 12/75 என்பதுபோல எண் இருந்தால் ரெம்பிராண்ட் என்ற பேச்சே இல்லை. அது 75 படிகளில் 12ஆவது என்று பொருள். அப்படி எண்ணிடும் வழக்கம் மிகவும் பிந்தியது.

எங்கே மாட்டலாம்? எதை வெச்சு ஒட்டலாம்?

நேர் வெயில் படாத சுவரில். அருங்காட்சியகங்களில் தாள் படங்களுக்கு 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் வைப்பார்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, இடையில் அமிலமற்ற அட்டை வேண்டும்.

ஒட்டும் டேப் கூடவே கூடாது. என் படத்தை முதலில் சட்டமிட்டவர் மேல் ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டார், நானும் பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். சில ஆண்டுகளில் பசை தாளுக்குள் ஊறி, வானத்தின் மேல்பகுதியில் தேன் நிறத்தில் இரண்டு செவ்வகங்கள் விழுந்துவிட்டன. வெறும் தாளாக விட்ட அந்த வானத்தில். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் வைத்து ஒட்டச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஈரம் காட்டிக் கழற்றிவிடலாம்.

அந்தக் கதவுக்குள்ள யாரோ நிக்கிற மாதிரி இருக்கே, நிஜமாவா, என் கண்ணுக்குத்தானா?

எல்லோரும் கடைசியில் இங்கேதான் வருகிறார்கள். இந்த வகைப் படங்களில் ஆட்களை ஒளித்து வைப்பது உண்டு. ‘மூன்று மரங்கள்’ படத்தின் வலப்பக்கப் புதருக்குள் ஒரு காதல் ஜோடி இருக்கிறது. படத்தைப் பல முறை பார்த்தவர்களும் தவறவிடுவார்கள்.

என் படத்தில் கதவு படத்தின் மிக இருண்ட இடம், குறுக்குக் கோடுகள் நாலு அடுக்கு. அதன் நடுவில் அரிசி மணியளவு வெளுப்பு. அது பூச்சுக் கோளாறா, தேய்மானமா, ஆளா? தேய்மானம் என்றால் கோடுகள் படிப்படியாக மெலிந்து மறைய வேண்டும். கோளாறு என்றால், முன்பு சொன்ன குழிபோல, கறுப்பு கூடும், வெள்ளை வராது. லென்ஸை வைத்தேன். நாலு அடுக்குக் கோடும் அந்த வெளுப்பின் ஓரத்தில் வந்து சட்டென்று நிற்கின்றன, மறுபக்கத்தில் மீண்டும் தொடங்குகின்றன. ஊசி அந்த இடத்தை வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. வெளுப்பின் மேலே ஒரு சின்ன வளைவு தனியாக நிற்கிறது, தலைத்துணியின் விளிம்பு. கீழே இரண்டு செங்குத்துக் கோடுகள், மேலுடுப்பின் மடிப்பு. வெளுத்தது அவள் இடுப்பில் கட்டியிருக்கும் துணி. வாசலுக்குள் நின்று புல் போர் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.